குற்றம் சாட்டப்படாதவரின் ராஜினாமா

2015 மே 17 அன்று எங்கள் தொகுதியான டாக்டர் ராதாகிருஷ்ணன் நகரின் சட்டமன்ற உறுப்பினர் பி. வெற்றிவேல் தமது பதவியை ராஜினாமா செய்தார். சொத்துக் குவிப்பு வழக்கில் சிக்கியவர் அவரல்லர். தண்டனை பெற்றவரும் அவரல்லர். மேல்முறையீட்டில் விடுதலையானவரும் அவரல்லர். இவை மூன்றும் நேர்ந்தது அவருடைய கட்சியின் பொதுச்செயலாளர் ஜெயலலிதாவுக்கு. ஆனால் அந்த வழக்கின் முடிவையொட்டித் தம் கைப்பட ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்கள் இருவர்: முதலமைச்சராக இருந்த ஓ. பன்னீர்செல்வமும் எங்கள் எம்எல்ஏவும். அந்த வழக்கில் இருவர்மீதும் ஒரு வரிக் குற்றச்சாட்டுகூடக் கிடையாது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் காலையில் இட்லிக் கடை போடும் ஆயா ஒருவர் இருந்தார். செய்தித்தாள் படிக்கமாட்டார் என்றாலும் செய்தி அவரிடம்தான் முதலில் வந்து சேரும்.

“இன்னா தம்பி, நம்ம எம்எல்ஏவ தூக்கிட்டாங்களாமே, அவரு இன்னா தப்பு பண்ணாரு?”

“தூக்கலை ஆயா, அவரே ராஜினாமா பண்ணிட்டாரு.”

“அவரா பண்ணாரு?” என்று கேட்டுவிட்டு, ஈரத் துணியிலிருந்து இட்லியைப் பிரித்துத் தட்டில் போட்டபடியே, “அம்மா இங்க நிக்கிறாங்கன்னா நல்லதுதான். ரோடாவது போடுவாங்க” என்றார்.

ஊழல் விவகாரத்தில் ஒரு தலைவர் பதவியிலிருந்து இறங்கும்போதெல்லாம் நாம் வழக்கமாகக் கேட்பது, அவர் இறங்கினாரா, எப்போது இறங்கினார், தார்மிகப் பொறுப்பேற்றாரா என்பவைதான். ஆயா கேட்ட “அவரா பண்ணாரு?” என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. கடிதத்தில் கையெழுத்து யாருடையது என்பதைவிட, அதை எழுதச் சொன்னது யார், எழுதிய பிறகு எழுதியவர் கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதே முக்கியம் என்று வடசென்னையில் இருந்துகொண்டு கடந்த பல ஆண்டு நிகழ்வுகளைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றத்தில் நீதிபதி ஜான் மைக்கேல் குன்ஹா, ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8-ஆவது பிரிவின்படி இரண்டாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் உறுப்பினர் பதவியை இழப்பார். ஆனால், மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்தால் பதவியில் நீடிக்கலாம் என்ற சலுகை அதே பிரிவில் நெடுங்காலம் இருந்தது. 2013 ஜூலையில் லில்லி தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சலுகையை நீக்கிவிட்டதால், தீர்ப்பு வாசிக்கப்பட்ட கணத்திலேயே ஜெயலலிதாவின் உறுப்பினர் பதவியும் அதனோடு முதலமைச்சர் பதவியும் போய்விட்டன. அவர் ராஜினாமா செய்யவில்லை. செய்வதற்குப் பதவியே இல்லை. பதவியில் இருக்கும்போதே தண்டனையால் தகுதி இழந்த முதல் முதலமைச்சர் இந்தியாவில் அவர்தான்.

இரண்டு நாள் கழித்துப் பன்னீர்செல்வம் கண்ணீரோடு முதலமைச்சராகப் பதவியேற்றார். அமைச்சர்கள் பலர் விம்மியபடியே உறுதிமொழி வாசித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும் அது மறந்திருக்காது. அடுத்த எட்டு மாதங்களும் ஜெயலலிதா ‘மக்களின் முதல்வர்’ என்று கட்சிக்காரர்களால் அழைக்கப்பட்டார். சட்டம் எடுத்துக்கொண்டது கோட்டையில் இருந்த நாற்காலியை மட்டுமே. கட்சியின் பொதுச்செயலாளர் பதவியைத் தொடுவதற்குச் சட்டத்தில் அன்றும் இடமில்லை, இன்றும் இல்லை. தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன ஒருவர், தேர்தலில் யார் நிற்கலாம் என்று முடிவுசெய்யும் இடத்தில் அமர்ந்திருப்பதில் நம் சட்டத்துக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இது ஒரு கட்சியின் கதையன்று. பீகாரில் 1997-இல் மாட்டுத்தீவன ஊழல் வழக்கில் லாலு பிரசாத் முதலமைச்சர் பதவியை விட்டபோது அந்த இடத்தில் அமர்ந்தவர் அவருடைய மனைவி ராப்ரி தேவி. 2013-இல் தண்டனை பெற்ற பிறகும் லாலு கட்சித் தலைவராகவே நீடித்தார்.

தமிழ்நாட்டுக்கும் 2014 புதிதன்று. 2001-இல் டான்சி நில வழக்கின் தண்டனை காரணமாக ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் தள்ளுபடியாயின. கட்சி வென்றது, உறுப்பினராக இல்லாமலேயே அவர் முதலமைச்சரானார். அந்தப் பதவியேற்பு செல்லாது என்று 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அன்றே பன்னீர்செல்வம் முதன்முறையாக முதலமைச்சரானார். டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது; ஆண்டிபட்டியில் தங்க தமிழ்ச்செல்வன் இடத்தைக் காலிசெய்து கொடுத்தார்; 2002 மார்ச்சில் பழைய நாற்காலிக்குப் பழையவரே திரும்பினார். பதினான்கு ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய அதே வரிசை நிகழ்ந்தது, ஆண்டிபட்டி இருந்த இடத்தில் ஆர்.கே. நகர் என்பதைத் தவிர.

இங்கே எங்கள் வட்டாரத்தின் இன்னொரு நாற்காலியைப் பற்றிச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1949-இல் பெரியார், மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டது திராவிடர் கழகத்துக்குள் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அந்தப் பிளவில்தான், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ராயபுரம் ராபின்சன் பூங்காவில், அந்த ஆண்டு செப்டம்பரில் கொட்டும் மழையில் நடந்த கூட்டத்தில் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தை அறிமுகப்படுத்தினார். புதிய கட்சியில் தலைவர் பதவியைக் காலியாகவே வைத்தார்கள். அது பெரியாருக்குரியது என்றார்கள். 1969-இல் கருணாநிதி தலைவராகும்வரை இருபது ஆண்டுகள் அந்த இடம் காலியாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலி நாற்காலி யாருக்கும் கட்டளையிடவில்லை. பொதுச்செயலாளராக இருந்த அண்ணா எடுத்த முடிவுகள் அண்ணாவுடையவை. பெரியார் அவற்றை வெளிப்படையாகத் திட்டித் தீர்த்தார். 2014-இலோ முதலமைச்சர் நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருந்தும் அதைக் காலியாகவே மாநிலம் கருதியது. மரியாதைக்காக இடத்தை விட்டுவைப்பது வேறு, திரும்பி வருபவருக்காக இடத்தைப் பிடித்துவைப்பது வேறு. பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நாமெல்லாம் செய்திருக்கிறோம். அதை ஓர் அரசாங்கத்தைக் கொண்டே செய்ய முடியும் என்று காட்டியவர்கள் நம்மவர்கள்.

எங்கள் தெருவில் அந்த 2015 ஜூன் மாதம் எப்படி இருந்தது என்பதை எழுதினால் வெளியூர்க்காரர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். திமுக உள்ளிட்ட பெரும்பாலான எதிர்க்கட்சிகள் போட்டியிடாமல் ஒதுங்கிவிட்டன. குறிப்பிடத்தக்க எதிர் வேட்பாளராக நின்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் சி. மகேந்திரன் மட்டுமே. போட்டியே இல்லாத அந்தத் தேர்தலுக்கு அமைச்சர்கள் பட்டாளமே வந்து இறங்கியது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய எங்கள் சந்துக்குள் கார் நுழைய வழியில்லாததால், ஓர் அமைச்சர் வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கிய சாக்கடை நீருக்குள் போடப்பட்டிருந்த செங்கற்கள்மேல் ஒவ்வொன்றாகக் காலை வைத்து நடந்து வந்தார். குழாயில் வரும் தண்ணீர் நாறுவதாக ஒரு அக்கா குடத்தை அவர் மூக்கருகே நீட்டினார். அவர் முகம் சுளித்ததையும், உடனே அதை மறைத்துக்கொண்டு கூட வந்தவரிடம் “குறிச்சுக்கப்பா” என்று சொன்னதையும் நான் ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தேன். சில நாட்களில் தெருவைத் தோண்டினார்கள். தண்ணீர் தெளிந்தது. ஆயா சொன்னபடி ரோடும் வந்தது.

ஜெயலலிதா 1,50,722 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இதைத் தமக்குக் கிடைத்த மக்கள் தீர்ப்பு என்று அவருடைய கட்சி கொண்டாடியது இயல்புதான். ஆனாலும் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்த ஒரு விவகாரத்துக்கு, தண்ணீர் நாற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எங்கள் ஓட்டு எப்படிப் பதிலாகும் என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை. எங்களிடம் அந்த வழக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கறைபட்டவர் மக்களிடம் போய் வென்று வந்தால் கறை போய்விடும் என்ற எண்ணம் எல்லாக் கட்சிகளுக்கும் வசதியானது. தொகுதி அதற்கு ஒரு குளியலறையாகப் பயன்படுகிறது என்று அன்றைக்கு நண்பர் ஒருவர் சொன்னார்; கொஞ்சம் கடுமையான பேச்சுதான்.

2016 பொதுத்தேர்தலிலும் அவர் இங்கேயே நின்று 39,545 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். வெற்றிவேலுக்குப் பக்கத்துத் தொகுதியான பெரம்பூர் கிடைத்தது. அங்கே அவரும் வென்றார். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். அடுத்த பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை மீண்டும் நிலைநிறுத்தி சசிகலா உள்ளிட்ட மூவரைச் சிறைக்கு அனுப்பியது. மறைந்துவிட்டதால் ஜெயலலிதா மீதான மேல்முறையீடு அற்றுப்போனதாக அறிவித்தது. 2017 ஏப்ரலில் இங்கே நடக்கவேண்டிய இடைத்தேர்தல், பணப் பட்டுவாடா புகார்களைத் தொடர்ந்து வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருக்கும்போது ரத்துசெய்யப்பட்டது. ஒரு வருடத்துக்கு மேல் எங்களுக்கு எம்எல்ஏவே இல்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்துக் கிடப்பவர்களும், பட்டா கேட்டு மனுவோடு அலைபவர்களும் யாரிடம் போவதென்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் டிசம்பர் 21 அன்று வாக்குப்பதிவு நடந்து, சுயேச்சையாகப் பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற புகாரும், அதற்கு அவர் தரப்பு மறுப்பும் இன்றுவரை எங்கள் பக்கத்து டீக்கடைகளில் ஓய்ந்தபாடில்லை.

நாங்கள் வரிசையில் நின்றிருந்த அதே டிசம்பர் 21 அன்று டெல்லியில் இன்னொரு தீர்ப்பு வந்தது. 2ஜி அலைக்கற்றை வழக்கில் ஆ. ராசா, கனிமொழி உட்பட அனைவரையும் சிபிஐ தனி நீதிமன்றம் விடுதலை செய்தது. வாக்குச்சாவடிக்கு வெளியே கைபேசியில் செய்தி பார்த்த ஒரு கட்சிக்காரர் வரிசையை விட்டு ஓடிப்போய்ப் பட்டாசு தேடினார். மற்றவர்கள் “ஓட்டப் போட்டுட்டுப் போப்பா” என்று கத்தினார்கள். ராசா 2010 நவம்பரில் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தவர். அடுத்த பிப்ரவரியில் கைதாகி, பதினைந்து மாதம் திகார் சிறையில் இருந்தவர். தீர்ப்பு வர ஏழு ஆண்டுகள் ஆயின; சிபிஐயின் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்பதாக டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதே 2024-இல்தான். அவர் பதவி விலகியது சரியா, தவறா என்று நாம் எத்தனையோ மேடைகளில் கேட்டுவிட்டோம். விலகியவருக்கு விடை கிடைக்க எத்தனை ஆண்டு ஆகலாம் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்த இடத்தில்தான் சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பழைய விவகாரம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1957-இல் அவர் தென்சென்னையின் மக்களவை உறுப்பினர், நேருவின் நிதியமைச்சர். (எங்கள் வடசென்னைக்கு அப்போது உறுப்பினர் தொழிற்சங்கத் தலைவர் அந்தோணிப் பிள்ளை.) தொடங்கி ஒரு வருடம்கூட ஆகியிராத ஆயுள் காப்பீட்டுக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியிருந்தது. நலிந்துகொண்டிருந்த நிறுவனங்கள் அவை, பணமோ பாலிசிதாரர்களுடையது. அதை நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரும் பிரதமரின் மருமகனுமான பெரோஸ் காந்தி. 1958 ஜனவரியில் நீதிபதி எம்.சி. சாக்ளாவைக் கொண்டு ஒரு நபர் ஆணையம் அமைத்தார்கள். விசாரணை பம்பாயில் பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்துக்காக வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அறிக்கை வந்தது. நிதித்துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே அரசியல் சட்டப்படி பொறுப்பு என்று சாக்ளா எழுதினார்; பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி விலகினார்.

அவர் பணம் சம்பாதித்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தம்மைக் கேட்டு அது நடக்கவில்லை என்றே அவர் கடைசிவரை வாதிட்டார். மனமுவந்து போனவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். 1956 நவம்பரில் அரியலூர் அருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தபோது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி தாமாகவே முன்வந்து விலகியதையும், ரயில்வே துணை அமைச்சராக இருந்த நம் ஓ.வி. அழகேசனை ‘ஆண்டது போதாதா, மாண்டது போதாதா’ என்று மேடைக்கு மேடை திமுகவினர் கேட்டதையும் நினைவில் வைத்திருந்த காலம் அது. அந்தச் சூட்டில் நழுவிப்போக அவருக்கு இடமில்லை. ஆனாலும் அவர் விலகியபோது அவருக்காக யாரும் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கவில்லை. நிதித்துறை வேறொருவருக்குப் போனது. 1962 தேர்தலில் திருச்செந்தூரிலிருந்து தேர்வாகி, மறு வருடம் மீண்டும் நிதியமைச்சரானார். 1965-இல் இன்னொரு புகார் எழுந்தபோது மறுபடியும் விலகினார்.

அண்மைக் காலத்துக்கு வந்தால், விலகலின் நேரத்தைக் குறிப்பது நீதிமன்றம்தான் என்றாகிவிட்டது. வி. செந்தில் பாலாஜி 2023 ஜூன் 14 அன்று அமலாக்கத் துறையால் கைதுசெய்யப்பட்டு, சிறையில் இருந்தபடியே எட்டு மாதம் இலாகா இல்லாத அமைச்சராக இருந்தார். உயர் நீதிமன்றம் பலமுறை கேட்ட பிறகு 2024 பிப்ரவரியில் விலகினார். செப்டம்பர் 26 அன்று ஜாமீன் கிடைத்தது. மூன்றாம் நாள் மீண்டும் அமைச்சர். பதவியா, ஜாமீனா என்று உச்ச நீதிமன்றம் முகத்துக்கு நேரே கேட்டதும் 2025 ஏப்ரல் 27 அன்று மறுபடி விலகினார். அவர் மீதான குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம்தான் சொல்லவேண்டும். எனக்கு எரிச்சலூட்டுவது அந்த மூன்றாம் நாள். குற்றவாளி என்று தீர்ப்பு வரும்வரை ஒருவர் நிரபராதி என்பது சரி. அதற்காக மாநிலத்தில் வேறு ஆளே இல்லையா?

க. பொன்முடி விவகாரத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. பொதுக்கூட்டத்தில் பெண்களையும் சமயக் குறிகளையும் இழிவுபடுத்தும்படி அவர் பேசிய காணொளி பரவியதும், 2025 ஏப்ரல் 11 அன்று திமுக தலைமை அவரைத் துணைப் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து ஒரே அறிக்கையில் நீக்கியது. அமைச்சர் பதவி போக அதன்பின் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அதுவும் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி எழுப்பிய பிறகே. கட்சிப் பதவிக்குத் தகாத ஒருவர் அந்த இடைப்பட்ட நாட்களில் மக்களுக்கு அமைச்சராக இருக்கத் தகுந்தவராக இருந்தார் என்பதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது? இருந்தாலும் ஒன்றைக் கவனிக்கத் தோன்றுகிறது. கட்சி நினைத்தால் பதவியைப் பறிக்கச் சில மணி நேரம் போதும் என்பதை அந்த அறிக்கை காட்டிக் கொடுத்துவிட்டது. மற்ற சமயங்களில் கேட்கப்படும் ‘சட்டப்படி நடக்கட்டும்’ என்ற பதிலை இனி அதே காதோடு கேட்க முடியாது.

2025 ஆகஸ்ட் 20 அன்று மத்திய அரசு மக்களவையில் ஒரு அரசியல் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்து, பிறகு கூட்டுக் குழுவின் ஆய்வுக்கு அனுப்பியது. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருக்கும் பிரதமரோ முதலமைச்சரோ அமைச்சரோ 31-ஆம் நாள் பதவி இழப்பார் என்பது அதன் சாரம். சிறையிலிருந்து ஆட்சி நடத்துவதைத் தடுக்கும் என்று அதை வரவேற்பவர்களும், விசாரணை முகமைகளைக் கையில் வைத்திருப்பவர்கள் எதிர்க்கட்சி ஆட்சிகளைக் கவிழ்க்க ஒரு மாதக் கைது போதும் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறு. அந்த மசோதாவைக் கிருஷ்ணமாச்சாரியின் மேல் வைத்துப் பார்த்தால் அவர் ஒரு நாளும் அதில் சிக்கமாட்டார். அவரை யாரும் கைதுசெய்யவில்லை, அவர் ஜாமீன் கேட்கவும் இல்லை. 2015-இல் எங்கள் தொகுதியில் நடந்ததன் மேல் வைத்தாலும் எதுவும் மாறியிருக்காது. கட்சிப் பொதுச்செயலாளரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. எம்எல்ஏ மறுபடியும் கடிதம் கொடுத்திருப்பார். அமைச்சர்கள் மறுபடியும் செங்கல்மேல் நடந்து வந்திருப்பார்கள். ஒரு மாதத்தில் விசாரணையை ஒலிபெருக்கி வைத்து நடத்தி முடிப்பதற்கு 1958-இல் அரசியல் சட்டத் திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை. அன்றைக்கு இருந்த விசாரணை ஆணையச் சட்டம் இன்றும் புத்தகத்தில் இருக்கிறது.